ஊர் ஊராகப் போகும் மாற்றுத்திறனாளி உரிமைப் பயணம்: வேன் போன பிறகு ஊரில் என்ன மிஞ்சும்?

வைகைக்கரை:

வணக்கம். எங்கள் பக்கம் மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்று சின்னதாக நடத்துகிறோம். கட்சி சார்பு கிடையாது. பெரும்பாலும் போலியோ வந்தவர்கள், பார்வை இல்லாதவர்கள் சிலர், பிள்ளைகளுக்காக வரும் அம்மாக்கள். டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு முன்னால் சில வாரம் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் ஒன்றியம் ஒன்றியமாக வேனில் போய் உரிமைகளைப் பற்றிப் பேசலாம் என்று யோசனை. வெளியூரில் இருக்கும் ஒருவர் வேனுக்கும் டீசலுக்கும் தருகிறேன் என்கிறார். கலைக்குழு ஒன்றையும் பேசி வைத்திருக்கிறோம்.

என் பயம் என்னவென்றால், முன்பு இதே மாதிரி ஒரு வண்டி எங்கள் ஊருக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நிறுத்தினார்கள், பாட்டு, மைக், சுற்றிலும் பிளெக்ஸ். உள்ளே கண்காட்சி, பிரெய்ல் பலகை, காது கேட்கும் கருவி, சாய்தளத்தின் மாதிரி எல்லாம் அழகாகத்தான் வைத்திருந்தார்கள். ஏறுவதற்குப் பின்பக்கம் இரும்பு ஏணி, ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். நான் காலிப்பர் போட்டு நடப்பவன், கம்பியைப் பிடித்து எப்படியோ ஏறிவிட்டேன். கூட வந்த நண்பர் கையால் மிதிக்கிற மூன்று சக்கர வண்டியில் இருந்தார், கீழேயே நின்றுவிட்டார். பேட்ஜ் குத்திய ஒரு பையன் ஓடி வந்து அவர் கையில் நோட்டீஸைக் கொடுத்து, “அண்ணா, உள்ள இருக்கறதெல்லாம் இதுலயே இருக்கு” என்றான். நோட்டீஸின் தலைப்பு, தடையற்ற சூழல் நமது உரிமை.

அரை மணி நேரம், ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு குரூப் போட்டோ, வண்டி போய்விட்டது. அந்த பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்கு இன்றைக்கும் மூன்று படி ஏறித்தான் போக வேண்டும். நாமும் இதையேதான் செய்யப் போகிறோமா என்று தோன்றுகிறது. போய் வந்தவர்கள், நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கடலைக்காடு:

நண்பரே, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வேண்டாம்.

விழிப்புணர்வு யாருக்கு? எங்களுக்கா? படி ஏற முடியாது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதிகாரிகளுக்கா? சட்டம் அவர்கள் மேசை மேலேயே கிடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் பார்லிமென்ட்டில் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது, இத்தனை வருஷம் ஆகியும் இன்னும் கலைக்குழு வைத்துப் பாட்டுப் பாடித்தான் சொல்ல வேண்டுமா? தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயாக இருந்து 2023 ஜனவரியில் 2,000 ஆனது. பக்கத்து ஆந்திராவில் 2024இல் 3,000 ரூபாயை ஒரேயடியாக 6,000 ஆக்கினார்கள். அந்த டீசல் காசில் நாலு பேருக்கு நல்ல சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்துவிட்டு, மீதிக்கு எல்லோரும் சேர்ந்து கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருங்கள். அது உருப்படியான வேலை.

மஞ்சள்கார்டு:

கடலைக்காடு அண்ணா, உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்று யார் சொன்னது?

நான் ஊரில் பெண்கள் குழுவில் இருக்கிறேன். போன வருஷம் ஒரு அம்மா, மகன் ஒன்பதாம் வகுப்பு, எழுத்து எல்லாம் தலைகீழாக வருகிறது, வாத்தியார் தினமும் அடிக்கிறார் என்று அழுதார். கற்றல் குறைபாடு சட்டத்தில் இருக்கிறது, சான்றிதழ் வாங்கினால் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும், சொல்வதைக் கேட்டு எழுத ஆள் கிடைக்கும் என்றேன். அந்த அம்மா நம்பவே இல்லை. “அவன் ஊனமா? ஓடியாடித் திரியுறானே” என்றார். 1995 சட்டத்தில் 7 வகைதான் இருந்தது, இப்போது 21. தாலசீமியா, ஹீமோபீலியா, பார்க்கின்சன், ஆட்டிசம், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், தொழுநோய் குணமானவர்கள், உயரம் குறைந்தவர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். ஆனால் சுவரொட்டியில் வருவது எப்போதும் சக்கர நாற்காலியும் கறுப்புக் கண்ணாடியும்தான்.

யூடிஐடி கார்டே, அதாவது நமக்கான தனி அடையாள அட்டையே, எத்தனை பேருக்குப் புரிகிறது சொல்லுங்கள். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80க்கு மேல் நீலம். கார்டு வந்தும் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் பீரோவில் பட்டுச் சேலைக்குள் வைத்துப் பூட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கும் கூட வருகிறவருக்கும் டிக்கெட் கிடையாது என்பது 2021 முதல் இருக்கிறது. போன மாதம் வரை காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களும் உண்டு.

வேன் போகட்டும். ஆனால் அது பேசுகிற வேனாக மட்டும் இருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பழையதபால்:

நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயணம் வீண் என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. உலகத்திலேயே இந்த விஷயத்தில் பெரிய சட்டம் ஒன்று, அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் (ADA), வந்ததற்குப் பின்னால் ஒரு ஊர்சுற்றி இருக்கிறார். அமெரிக்காவில் ஜஸ்டின் டார்ட் என்று ஒருவர், 18 வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர், பெரிய பணக்காரக் குடும்பம், தலையில் எப்போதும் கௌபாய் தொப்பி. அவரும் மனைவி யோஷிகோவும் 1980களின் தொடக்கத்தில் சொந்தக் காசில் 50 மாநிலத்துக்கும் போனார்கள். அப்புறம் 1988இல் பார்லிமென்ட் உறுப்பினர் மேஜர் ஓவன்ஸ் ஒரு குழு போட்டு டார்ட்டைத் தலைவராக்கியபோது திரும்பவும் 50 மாநிலத்துக்கும் போய் 63 பொதுக்கூட்டம் நடத்தினார்கள்.

இதில் நாம் பார்க்க வேண்டியது, அவர் போய்ப் பேசியதைவிட வாங்கி வந்தது அதிகம். வந்தவர்களிடம், உங்களுக்கு எங்கே, யார், எப்படி அநியாயம் செய்தார்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். எந்த ஓட்டலில் வெளியே போகச் சொன்னார்கள், எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்க மாட்டேன் என்றது, எந்த பஸ் நிற்காமல் போனது, எல்லாம். ஆயிரக்கணக்கான பேருடைய எழுத்து அப்படியே வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு உறுப்பினர் எழுந்து இப்படி எல்லாம் நடக்கிறதா என்ன என்று கேட்டால் காட்டுவதற்குப் பெட்டி பெட்டியாகக் காகிதம் இருந்தது. 1990 ஜூலை 26 அன்று அப்போதைய ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது டார்ட் அதே தொப்பியோடு பக்கத்தில் இருந்தார்.

ஆகவே வைகைக்கரை, நோட்டீஸ் குறைவாக அடியுங்கள், வெள்ளைத் தாள் நிறைய எடுத்துப் போங்கள்.

கடலைக்காடு:

சார், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் காகிதத்தால் மட்டும் வரவில்லை. மசோதா இழுத்துக்கொண்டே போனபோது 1990 மார்ச் 12 அன்று சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே போட்டுவிட்டு பார்லிமென்ட் கட்டடத்தின் படியில் தவழ்ந்தே ஏறினார்கள், அதில் 8 வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. டி.வி.யில் நாடே பார்த்தது. அதைச் சொல்லாமல் 63 கூட்டத்தை மட்டும் சொன்னால் எப்படி?

பழையதபால்:

தவழ்ந்ததும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏறி உள்ளே போன பிறகு பேசுவதற்கு ஆதாரம் தயாராக இருந்தது. இரண்டும் வேண்டும்.

உப்பளம்:

நெடும்பயணம் என்றால் பொலிவியாவைச் சொல்லாமல் முடியாது. கடலைக்காடு மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கும்.

2016 மார்ச்சில் கோச்சபாம்பா ஊரிலிருந்து மாற்றுத்திறனாளிகள் நிர்வாகத் தலைநகர் லா பாஸுக்குக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 380 கிலோமீட்டர், 35 நாள், ஆண்டீஸ் மலை வழியாக. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், பிள்ளையை முதுகில் கட்டிய அம்மாக்கள். லா பாஸே 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலோடு வருகிறவனுக்கே அங்கே மூச்சு வாங்கும். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, வருஷத்துக்கு 1,000 பொலிவியானோ கொடுத்துக்கொண்டிருந்ததை மாதம் 500 ஆக்குங்கள்.

போய்ச் சேர்ந்ததும் என்ன நடந்தது தெரியுமா? ஜனாதிபதி மாளிகை இருக்கும் முரில்லோ சதுக்கத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். மிளகு ஸ்பிரே, தண்ணீர் பீரங்கி, கண்ணீர்ப்புகை. ஜனாதிபதி ஈவோ மொராலெஸ், தானே பழங்குடி, ஏழைகளின் தலைவர் என்று பேர் வாங்கியவர், அவர்களைச் சந்திக்கவே இல்லை. இவர்கள் தெருவிலேயே கூடாரம் போட்டு மாதக்கணக்கில் கிடந்தார்கள். சிலர் சக்கர நாற்காலியோடு கயிறு கட்டிப் பாலத்திலிருந்து தொங்கினார்கள். படத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

மறு வருஷம் சட்டம் வந்தது. மாதம் 250, கேட்டதில் பாதி, அதுவும் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும். சந்திக்கவே மாட்டேன் என்ற அரசாங்கத்திடமிருந்து அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். அந்தப் பயணத்துக்குக் கோரிக்கை ஒன்றுதான், ஒரு தொகை, ஒரு வரியில் யாருக்கும் சொல்லிவிடலாம். நம்ம ஊர்ப் பிரசார வண்டியில் கோரிக்கை என்ன என்று கேட்டால் “விழிப்புணர்வு” என்பார்கள். அதை யாரிடம் போய் வாங்குவது?

பனிக்காலம்:

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ரிக் ஹேன்சனின் பெயர் தெரியும். 15 வயதில் லாரி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர். 1985 மார்ச் 21 வான்கூவரில் புறப்பட்டு 34 நாடு, 40,000 கிலோமீட்டருக்கும் மேல், பூமியின் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவு தூரம், சக்கர நாற்காலியைக் கையால் தள்ளியே சுற்றி 1987 மே 22 திரும்பி வந்தார். சீனப் பெருஞ்சுவரில் கூட ஏறினவர். 2.6 கோடி டாலர் சேர்ந்தது.

ஆனால் இங்கே இருக்கிற மாற்றுத்திறனாளி நண்பர்கள் சிலர் இதைப்பற்றிக் கதைக்கேக்க முகம் சுளிப்பினம். ரிக் பெரிய மனிசர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒருவர் உலகத்தைச் சுற்றினால் மற்ற எல்லாரையும் பார்த்து, அவரால் முடிந்ததே, உங்களுக்கு ஏன் சாய்தளம் என்று கேட்கிற ஆட்களும் வருவினம். வீரக்கதை கேட்டவன் கைதட்டிப்போட்டு வீட்டுக்குப் போய்விடுவான். உங்கள் பயணத்தில் சாதனையாளர் பேச்சு வைப்பதென்றால் யோசித்து வையுங்கோ.

கடலைக்காடு:

பனிக்காலம் சொன்னதற்கு நூறு லைக். மேடையில் கால் இல்லாமல் நீச்சல் அடித்தவரை உட்கார வைத்துவிட்டு, தாலுகா ஆபீஸில் மனு கொடுக்க மாடி ஏற முடியாதவனிடம் தன்னம்பிக்கை வேண்டும் தம்பி என்பார்கள். தன்னம்பிக்கை எங்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது சாமி, லிப்ட்தான் இல்லை.

விரல்மொழி:

நான் காது கேளாதவன். இங்கே எழுதிய யாரும் எங்களைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை, கோபம் இல்லை, வழக்கம்தான்.

வேனில் மைக், ஸ்பீக்கர், பாட்டு. எனக்கு வேன் வந்தது, வாய் அசைந்தது, வேன் போனது. முன்பு ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன், எங்களுக்காக என்று நாடகம் போட்டார்கள், காது கேளாதவராக நடித்தவர் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், கூட்டம் சிரித்தது. எங்கள் மொழி அப்படி இல்லை. இந்திய சைகை மொழிக்கு இலக்கணம் இருக்கிறது, டெல்லியில் 2015 முதல் அதற்கென்று தனி மத்திய நிறுவனமே இருக்கிறது. காது கேளாதவர் வேடத்துக்குக் காது கேளாதவரைப் போடுங்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் முழுப் பயணமும் கூட வர வேண்டும், மேடை ஓரத்தில் இருட்டில் நிறுத்தாமல் பேசுபவர் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி.

இன்னொன்று. நாங்கள் நோட்டீஸும் படிக்க மாட்டோம், நிறையப் பேருக்கு எழுத்துத் தமிழ் கஷ்டம். சைகை மொழியில் இரண்டு நிமிட வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் முன்னாடியே அனுப்புங்கள், எந்த ஊர், எந்த நேரம், என்ன கொண்டு வர வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒருவருக்கு வந்தால் மாவட்டம் முழுக்கப் போய்விடும்.

மஞ்சள்கார்டு:

விரல்மொழி சொன்னது எனக்கு உறைத்தது. அப்படியே பெண்கள் பக்கமும் ஒன்று. நாள் முழுக்கப் பயணம் என்று சொல்கிறீர்களே, கழிப்பறை? எங்கள் குழுவில் சக்கர நாற்காலி அக்கா ஒருவர் வெளியே கிளம்புகிற அன்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார், நாக்கு வறண்டாலும் ஒரு வாய் கூட வேண்டாம் என்பார். பெண்கள் வருவதில்லை, ஆர்வம் இல்லை என்று சங்கத்து ஆண்கள் பேசுவார்கள். போகும் வழியில் எந்த ஊரில் போக முடிகிற கழிப்பறை இருக்கிறது என்று முதலில் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் நிற்குமிடத்தை முடிவு செய்யுங்கள். அந்தப் பட்டியலே கலெக்டருக்கு ஒரு மனு ஆகும்.

வாய்தா:

வக்கீல் என்கிற முறையில் கொஞ்சம். டார்ட் கதையில் வந்த காகிதத்தை இங்கே எப்படி உயிருள்ள காகிதமாக ஆக்குவது என்று பார்க்கலாம்.

உணர்ச்சியாகப் பேசி எழுதி வாங்கும் கதைகள் பத்திரிகைக்கு ஆகும், கோப்புக்கு ஆகாது. ஒவ்வொரு மனுவிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும், எந்த அலுவலகம், எந்தத் தேதி, என்ன மறுக்கப்பட்டது, என்ன வேண்டும். 2016 சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு அரசு அலுவலகமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும், புகாருக்குப் பதிவேடு வைக்க வேண்டும், பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். நிறைய அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருப்பது அவருக்கே தெரியாது. போய்ப் பெயரைக் கேளுங்கள், அதுவே பாதி வேலை. அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், 80ஆம் பிரிவு. விசாரணைக்கு சிவில் கோர்ட் அதிகாரம் 82இல் வருகிறது. ஆணையர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட துறை எடுத்த நடவடிக்கையை 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 81.

படி, சாய்தளம் விஷயத்தில் 45ஆம் பிரிவு பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற 5 வருஷம் கொடுத்தது, விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு 2022லேயே முடிந்துவிட்டது. சுகம்ய பாரத் (எல்லோரும் அணுகக்கூடிய இந்தியா) என்று 2015 டிசம்பர் 3இல் மத்திய அரசே ஒரு பிரசாரம் ஆரம்பித்ததும் ஞாபகம் இருக்கும். இத்தனைக்கும் பிறகு 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், உங்கள் விதி வெறும் ஆலோசனை மாதிரி இருக்கிறது, இது சட்டத்துக்கே முரண், கட்டாயம் பின்பற்ற வேண்டிய தரத்தை 3 மாதத்தில் வகுங்கள் என்று சொன்னது. அந்த வழக்கு போட்டது 2005இல். பார்வை இல்லாத ஒரு மனிதர் போட்ட வழக்கு.

அப்புறம், பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை. இதைக் கலைக்குழு பாட்டிலேயே வைக்கலாம், டீக்கடை வரைக்கும் போய்ச் சேரும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மத்தியத் தலைமை ஆணையர் அலுவலகம் மாநிலங்களுக்குப் போய் நடமாடும் நீதிமன்றம் நடத்தியிருக்கிறது, அதிகாரிகளை எதிரில் உட்கார வைத்துப் புகாரை அங்கேயே விசாரிப்பார்கள். நம்ம மாநில ஆணையரிடம் உங்கள் வழித்தடத்தில் ஒரு நாள் அப்படி வையுங்கள் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். வந்தால் அந்த ஒரு நாள் போதும், வராவிட்டாலும் கேட்டதற்கு ரசீது இருக்கட்டும்.

சைக்கிள்ராணி:

புதுக்கோட்டைக்காரி. 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தேன், அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். கலைப்பயணம் என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஊருக்கு ஊர் கலைக்குழு போனது, தெருவில் நாடகம், பாட்டு, சனம் அள்ளிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அந்தப் பாட்டுத்தான். ஆனால் கலைக்குழு வருவதற்கு முன்னாலேயே அந்த ஊரில் தொண்டர் யார், ராத்திரி வகுப்பு எந்தத் திண்ணையில், அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் யார் தருவது என்பதெல்லாம் பேசி முடித்திருப்போம். நாடகம் முடிந்த மறுநாள் சாயந்திரம் வகுப்பு. ஒரு நாள் தள்ளிப்போனாலும் பாதிப் பேர் வர மாட்டார்கள். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றதும் அந்த வேகத்தில்தான், கற்றுக்கொண்ட பெண் மறுநாளே அடுத்தவளுக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவாள்.

உங்கள் வேன் ஒரு ஊரை விட்டுக் கிளம்பும்போது அந்த ஊர்க்காரர் ஒருவர் கையில் மனுக்களின் நகலும் ஒரு நோட்டும் இருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் கிடைக்காத ஊருக்குப் போகாதீர்கள். ஊர் எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.

கண்மாய்:

சைக்கிள்ராணி அக்கா கேட்ட ஆள் இப்போது சட்டப்படியே கிடைப்பார். 2025 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறிய திருத்தத்தின்படி உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினராக வரலாம். கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 இடம், நகர அமைப்புகளில் 650. உங்கள் வழியில் நியமனம் ஆன ஊர் எது என்று விசாரித்து அங்கே அவரையே கூட்டத்தைக் கூப்பிடச் சொல்லுங்கள். நியமனம் ஆகாத ஊர் என்றால் அதையே மனுவாகக் கொடுங்கள். முடிந்தால் நவம்பர் 1 உள்ளாட்சி தின கிராம சபையை ஒட்டிப் பயணத்தைத் தொடங்கலாம், கூட்டம் கூட்டத் தனியாகத் தண்டோரா போட வேண்டியதில்லை. கிராம சபை நடக்கும் இடத்துக்கு சக்கர நாற்காலி போகுமா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் அது கோயில் மண்டபம், ஏழு படி.

அண்ணனின்தங்கை:

ராமநாதபுரம் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை மனநலக் காப்பகம் ஒன்றின் கூரை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள், ஓட முடியவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆம் பிரிவில் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது. மனநோயும் 2016 சட்டத்தின் அந்த 21 வகையில் ஒன்று.

என் அண்ணனுக்கு 40 சதவீதத்துக்கு மேல் சான்றிதழ் இருக்கிறது. நாலு பேர் நடுவில் மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டால் மறுநாள் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது நின்றுபோகும், அதுதான் ஊர். எங்களை மாதிரி ஆட்கள் மேடைக்கு வர மாட்டோம். ஓரமாக ஒரு மேசை, ஒரு திரை, காதோடு காதாகக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு பெண், அது இருந்தால் வருவோம்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி சங்கத்து ஆட்களோடு உட்கார்ந்து இந்த இழையை முழுக்கச் சத்தமாகப் படித்தோம், பார்வை இல்லாத தோழர் ஒருவர் கடலைக்காடு பதிவுகளை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

இப்போதைக்கு முடிவானது: ஊர்களைப் பாதியாகக் குறைக்கிறோம், ஒவ்வொரு ஊரிலும் ஒரு நாள் முழுக்க. காலையில் மனு எழுதுவது, யூடிஐடி பதிவு, சாயந்திரம்தான் கலைக்குழு. சாதனையாளர் பேச்சு கிடையாது. பொன்னாடை கிடையாது, இதற்கு மட்டும் எங்கள் தலைவர் கொஞ்சம் முறைத்தார். அண்ணனின்தங்கை கேட்ட மேசை கட்டாயம் இருக்கும், திரையைப் பந்தலுக்கு வெளியே தள்ளி வைக்கலாம் என்று இருக்கிறோம். மாவட்டத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை என்று உப்பளம் பாணியில் எடுத்தால் எதை எடுப்பது என்பதில்தான் சண்டை. நான் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை என்கிறேன், அம்மாக்கள் பயிற்சி மையத்துக்குப் போக வண்டி என்கிறார்கள், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி 31ஆம் பிரிவில் இருக்கிறது, பிள்ளை போய்ச் சேர வழி இல்லாமல் அது எதற்கு என்று கேட்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் ஆள் அதிகம்.

கண்காட்சியை வேனுக்குள்ளே வைத்தே ஆக வேண்டும் என்கிறார் பணம் தருகிறவர். சாய்தளம் ஒன்று மாட்டிவிடலாம் என்கிறார். சரியா?

வாய்தா:

கணக்குப் போடுங்கள். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். வேனின் தரை இரண்டரை அடி உயரம் என்றால் முப்பது அடி நீளம். உங்கள் வேனே அவ்வளவு நீளம் இருக்காது. அதைவிடச் செங்குத்தாக வைத்தால் நாற்காலி பின்னால் கவிழும், தள்ளுகிறவரும் கூடவே விழுவார். கண்காட்சியைத் தரையில் இறக்குங்கள், மடக்கு மேசை இரண்டரை அடி உயரம், அடியில் முழங்கால் போக இடம். பணம் தருகிறவரிடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள்.

உப்பளம்:

வண்டிக் கோரிக்கையையே எடுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்த ஊரிலிருந்து எந்த மையத்துக்கு, எத்தனை கிலோமீட்டர், இப்போது யார் தூக்கிப்போகிறார்கள் என்று பயணத்திலேயே கணக்கெடுத்துவிடலாம். கழிப்பறையை மஞ்சள்கார்டு சொன்ன மாதிரி தனி மனுவாகக் கொடுங்கள்.

கடலைக்காடு:

பயணம் முடிந்து 3 மாதம் கழித்து எத்தனை மனு, எத்தனை ரசீது, எத்தனைக்குப் பதில் வந்தது என்று இதே இழையில் போடுங்கள். போட்டோ வேண்டாம். அதைப் பார்த்த பிறகு என் கருத்தை மாற்றுவதா வேண்டாமா என்று சொல்கிறேன். மானாமதுரைக்கு வருகிற அன்று மனு எழுத ஒரு ஆள் குறைந்தால் மட்டும் கூப்பிடுங்கள், கையெழுத்து சுமாராக இருக்கும்.

வைகைக்கரை:

போடுகிறேன் அண்ணே. மானாமதுரைக்கு இரண்டு ஆள் குறைகிறது, நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். விரல்மொழி, சைகை மொழிபெயர்ப்பாளர் பயணம் முழுக்க வருவதற்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்? சும்மா வந்து செய்வார்கள் என்று சங்கத்தில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கலைக்குழுவுக்குக் கொடுப்பதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.